பாசி தின்னும் மீன் வாங்கப் போகிறீர்களா?

வாங்கி வைத்த புதிதில் மீன் தொட்டி கூடத்துக்கே ஒரு களை தரும். இரண்டு மாதம் போகட்டும். கண்ணாடியில் பச்சைப் படலம், கூழாங்கல்லில் வழவழப்பு, செடியின் இலைகளில் கறுப்பு ரோமம் மாதிரி ஏதோ ஒன்று! வேடிக்கை பார்க்கக் குழந்தைகள். தேய்த்துக் கழுவ அம்மா. இதுதானே பல வீடுகளில் நடக்கிறது?

இந்த அலுப்போடு மீன் கடைக்குப் போனால் கடைக்காரர் சட்டென்று ஒரு கறுப்பு மீனைக் காட்டுவார். "இந்தச் சக்கர் ஃபிஷ் ஒண்ணு வாங்கிப் போடுங்கம்மா. பாசியெல்லாம் இதுவே தின்னுடும். தொட்டியைக் கழுவுற வேலையே இருக்காது!" விரல் நீளம்தான் இருக்கும். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் குழந்தைகளுக்கு ஒரே குஷி. விலையும் கம்மி. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது, சகோதரிகளே.

பாசி ஏன் வருகிறது?

பாசிக்கு வேண்டியவை இரண்டு: வெளிச்சம், உரம். ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும், விளக்கு ராத்திரி பகலாக எரிந்தாலும் பாசி கொழிக்கும். மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் அதற்கு உரம். "பாவம், பசிக்குமே" என்று வீட்டில் ஆளுக்கொரு பிடி தீனி போட்டால் பாசி வளராமல் என்ன செய்யும்?

கொஞ்சம் பாசி இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. தண்ணீரிலுள்ள கழிவுச் சத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் வரும் பழுப்புத் தூசி மாதிரிப் படலம் பெரும்பாலும் தானே குறைந்துவிடும். கை வைத்ததும் எழுந்துவரும் அளவுக்கு மிதமிஞ்சினால்தான் தொந்தரவு.

சக்கர் மீனின் கதை

இது தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த கெளுத்தி இனம். சின்ன வயதில் பாசியை ஆசையாகத்தான் தின்னும். ஆனால் வளர வளர ஒரு அடி, ஒன்றரை அடி என்று நீண்டுவிடும்! பத்து வருஷத்துக்கு மேலும் உயிர் வாழும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 2 அடி நீளம், 1 அடி அகலமுள்ள தொட்டி. ஒன்றரை அடி மீன் அதில் திரும்பக்கூட முடியாது. இன்னொரு விஷயம்: பெரிதானதும் பாசியில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களின் தீனியைத் தேடும். அது போடும் கழிவோ ஏராளம். அந்தக் கழிவே பாசிக்கு உரம். வேலை குறையும் என்று வாங்கினால் வேலை கூடித்தான் போகும்.

பொன் நிறத்தில் அழகாக இருக்கும் 'சைனீஸ் ஆல்ஜி ஈட்டர்' மீனிடமும் ஜாக்கிரதை. வயதாக ஆகக் குணம் முரடாகிவிடும். மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சும்.

அப்படியானால் எதை வாங்கலாம்?

*மோலி:* எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். கல்லிலும் இலையிலும் பாசியைக் கொத்திக்கொண்டே இருக்கும். போர்வெல்லின் கடின நீரும் இதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் குட்டிகள் சீக்கிரம் பெருகும்.

*ஓட்டோ:* இதுவும் தென் அமெரிக்கக் கெளுத்திதான், ஆனால் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. பரம சாது. ஐந்தாறாகச் சேர்த்து வளர்க்க வேண்டும். புதுத் தொட்டியில் விட்டால் பிழைப்பது கஷ்டம். சில மாதம் ஓடிய தொட்டிதான் தோது.

*நெரைட் நத்தை:* கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவதில் கெட்டிக்காரி. இதன் முட்டை நன்னீரில் பொரிப்பதில்லை. ஆகவே தொட்டி முழுக்க நத்தையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அங்கங்கே வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

*அமானோ இறால்:* செடி வைத்த தொட்டிக்கு ஏற்றது. நூல் நூலாக வரும் பாசியைத் தின்னும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ 1980களில் தம் தொட்டிகளில் விட்டுப் பிரபலப்படுத்தியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெரிய மீன் இருக்கும் தொட்டியில் விடாதீர்கள், விருந்தாகிவிடும். செம்பு கலந்த மருந்து இறாலுக்கும் நத்தைக்கும் விஷம்.

வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் இவற்றை விசாரித்துப் பாருங்கள். வாங்குமுன் "இது எவ்வளவு பெரிசாகும்?" என்று மறக்காமல் கேளுங்கள்.

பட்டினி போடாதீர்கள்

"பாசிதான் தின்னுதே, தனியா எதுக்குத் தீனி?" என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி பளபளவென்று ஆனபின் அந்த ஜீவன் எதைத் தின்னும்? ஒரு துண்டு வெள்ளரிக்காய் அல்லது பசலைக்கீரையை நன்றாகக் கழுவி, உப்பில்லாமல் லேசாக வேகவைத்து, ஆறியதும் போடுங்கள். மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

நம் கையில் இருப்பது

எந்த உயிரை விட்டாலும் இந்த வேலைகள் நமக்கு உண்டு:

* விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும்.
* இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போடுங்கள்.
* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள்.
* சோப்பு, சோப்புத் தூள் பக்கமே போக வேண்டாம்.
* தண்ணீரே பச்சையாகிவிட்டால் அதைச் சரிசெய்ய மீனாலோ நத்தையாலோ ஆகாது. மூன்று நான்கு நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடிவையுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.
* கை விடுமுன் மின்சார இணைப்பை எடுத்துவிடுங்கள். கையில் காயம் இருந்தால் தொட்டி நீரில் விடக்கூடாது. தண்ணீர் இறைக்கக் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். வேலை முடிந்ததும் குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

குளத்தில் விடாதீர்கள்

முக்கியமான விஷயம் இதுதான். சக்கர் மீன் பெரிதானதும், "கொல்ல மனசு வரலை, குளத்துல விட்டா புண்ணியம்" என்று ஏரியிலும் கோயில் குளத்திலும் விடுகிறவர்கள் உண்டு. நல்ல மனசுதான், விளைவுதான் விபரீதம். இந்த மீன் காற்றையும் சுவாசிக்கும். சாக்கடை கலந்த நீரிலும் தாக்குப் பிடிக்கும். உடம்பெல்லாம் எலும்புக் கவசம், ஆகவே இதைத் தின்ன வரும் எதிரியும் குறைவு. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை சரியும். கெண்டைக்கும் விராலுக்கும் உரிய இடத்தையும் இரையையும் இது பிடித்துக்கொள்ளும்.

தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, மேற்கு வங்காளம் என்று பல மாநில நீர்நிலைகளில் இது பரவிவிட்டது. வலையில் சிக்கினால் முள்ளால் வலையைக் கிழிக்கும். சந்தையிலும் விலை போகாது. மீன் விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் இன்னொரு தாயின் வயிற்றில் அல்லவா அடி விழுகிறது?

இடம் போதாமல் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். மோலியானாலும் நத்தையானாலும் இதே விதிதான். குழந்தைகளுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்: வீட்டுக்குக் கொண்டுவந்த உயிர் கடைசிவரை நம் பொறுப்பு.