உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குப் பாடம் தந்த கோலம்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவை எடுத்து, இழை அறாமல் விடுவதுதான் கோலத்தின் முதல் பாடம். விரல் தயங்கும் இடத்தில் கோடு தடித்துவிடும்.

‘ஊடுபுள்ளி 5–3’ என்றால் நடுவரிசையில் 5 புள்ளிகள். மேலும் கீழும் 4, பிறகு 3. மொத்தம் 19. புதிதாகப் பழகுபவருக்கு இதுவே போதும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து சுற்ற வேண்டும். சில கோலங்கள் ஒரே இழையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அந்த இழை சேரும் நொடியின் மகிழ்ச்சியே தனி!

வாசலில் பெண்கள் போட்ட இந்த நெளிவுகளைத் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதி ஆராய்ந்தனர். கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, படங்களை விதிகளாக விவரிக்கும், கணினிக்கான பட மொழி இலக்கணத்தைக் கோலத்தோடு பொருத்தி 1974-ல் கட்டுரையே வெளியிட்டனர்.