சாட்சி சொன்ன சாமானியர்கள்

இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை ஆண்ட ட்யூடர் வம்சம் என்றதும் எட்டாம் ஹென்றியும் அவருடைய ஆறு மனைவியரும்தான் நினைவுக்கு வருவார்கள். சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரும்பாலும் அரண்மனையைச் சுற்றியே வருகின்றன. அந்தக் காலத்தைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களோ சமையற்கட்டுக்கும் சந்தைக்கும் போகின்றன. சி.ஜே. சான்சம் 2003இல் 'டிசல்யூஷன்' நாவலில் அறிமுகப்படுத்திய வழக்கறிஞர் மேத்யூ ஷார்ட்லேக் கூன்முதுகுக்காரர். அதற்காகக் கேலிக்கும் ஆளாகிறவர். சாமானியர் வாழ்க்கையைச் சொல்லக் கொலைக் கதைதானா கிடைத்தது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த வாழ்க்கையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஏனென்றால், அந்த மக்களின் குரல் நமக்குக் கேட்பதே பெரும்பாலும் விசாரணைகளின் வழியாகத்தான்.

அன்றைய உழவருக்கும் வேலைக்காரிக்கும் பெரும்பாலும் எழுதத் தெரியாது. கடிதமோ நாட்குறிப்போ விட்டுச் செல்லவில்லை. தேவாலயப் பதிவேடுகளை 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் கட்டாயமாக்கினார். அவற்றில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை மட்டுமே பதிவாயின. ஒருவர் திடீரென்று இறந்துபோனால் கதை வேறு. கொரோனர் என்ற அதிகாரி வந்து, உள்ளூர் ஜூரிகளோடு பிணத்தைப் பார்த்து, எங்கே, எப்போது, எப்படி இறந்தார் என்று விசாரித்து எழுதினார். தண்ணீர் எடுக்கப் போய் மூழ்கியவரின் அன்றாட வேலை அப்படித்தான் ஏட்டில் ஏறியது. இன்னொரு சான்று 1548இல் கடற்படை நீதிமன்றத்தில் கிடைக்கிறது. ழாக் பிரான்சிஸ் ஆப்பிரிக்காவின் கினியாப் பகுதியிலிருந்து வந்த இளைஞர். 'மேரி ரோஸ்' போர்க்கப்பலோடு மூழ்கிய பீரங்கிகளை மீட்க அமர்த்தப்பட்ட முக்குளிப்பவர். வேறொரு கப்பலின் சரக்கைத் திருடியதாகத் தன் முதலாளிமேல் வந்த வழக்கில் அவர் சாட்சி சொன்னார். அடிமை, கிறிஸ்தவன் அல்லாதவன், இவன் சொல் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இருந்தும் அவர் சொன்னது பதிவாயிற்று. அந்த வழக்கு நடந்திராவிட்டால் அவர் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

போலீஸே இல்லாத காலத்தில் துப்பறிவாளர் எங்கிருந்து வந்தார் என்பது இந்த நாவல்கள்மீது எழும் முதல் ஆட்சேபம். லண்டன் மாநகரப் போலீஸ் 1829இல்தான் அமைந்தது என்பது உண்மை. ஆனால் விசாரணை இல்லாமல் இல்லை. ஊர்க்காரர்களே முறைவைத்துக் காவல் பொறுப்பேற்றார்கள். கூக்குரல் எழுந்தால் குற்றவாளியைத் துரத்துவது எல்லோருக்கும் கடமை. சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்று 1555இல் சட்டமே வந்தது. நாயகர் மட்டும் இன்றைய மனிதரைப் போலச் சிந்திக்கிறார் என்ற இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் உண்டு; பல நாவல்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ஷார்ட்லேக் அப்படியல்ல. மடாலயங்களை ஒழித்த குரோம்வெல்லின் ஆளாக, மதச் சீர்திருத்தத்தை நம்புகிறவராகவே அவர் தொடங்குகிறார். நம்பிக்கை குலைவது கண்ணெதிரே கண்டவற்றால்.

வழக்கறிஞர் எப்படிச் சாமானியர் ஆவார் என்றும் கேட்கலாம். ஆகமாட்டார்தான், ஆனால் எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேள்வி கேட்க அவரால் முடிகிறது. 2018இல் வந்த 'டூம்லேண்ட்' அவரை 1549ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குள் கொண்டுபோகிறது. பொது மேய்ச்சல் நிலத்தை நிலக்கிழார்கள் வேலி போட்டு வளைத்ததை எதிர்த்து, நார்விச் நகருக்கு வெளியே மௌஸ்ஹோல்ட் மேட்டில் ஆயிரக்கணக்கானோர் முகாமிட்டார்கள். தலைவர் ராபர்ட் கெட்டை அந்த டிசம்பரில் தூக்கிலிட்டார்கள். அவர் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. உடன் நின்ற பெரும்பாலோர் பெயரை வைத்திருக்கவில்லை. அந்த இடத்தைக் கற்பனை நிரப்பலாம், எது கற்பனை என்று சொல்லிவிட்டால். சான்சம் தன் நாவல்களின் கடைசியில் வரலாற்றுக் குறிப்பு எழுதி அந்த நேர்மையைக் காத்தார். கொலையாளி யார் என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடாமல் அந்தப் பக்கங்களையும் படியுங்கள்.