பாப்பாவுக்கு எத்தனை இலாகா?

குழந்தை அழுதால், "இது எந்த இலாகாவைச் சேர்ந்த அழுகை?" என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. பசியா, காய்ச்சலா, விளையாட ஆள் இல்லாத ஏக்கமா என்றுதான் பார்க்கிறாள். சர்க்காருக்கோ அந்த மூன்றும் மூன்று இலாகா!

நாமக்கல் ஜில்லாவில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். தாயும் தகப்பனும் தறிக்குப் போய்விடும் வீட்டில், மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கன்வாடிதான் இன்னொரு வீடு. அங்கே கிடைக்கும் சோறும் முட்டையும் சமூக நலத் துறையின் பொறுப்பு. தடுப்பூசி சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. பள்ளிக்கூட வாசற்படி ஏறிவிட்டாலோ, பிள்ளை கல்வித் துறையின் சொத்து!

இந்தப் பாகப்பிரிவினை நேற்று வந்ததல்ல. 1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஆறு சேவைகள் வகுத்தார்கள். ஊட்டச்சத்து உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஆரோக்கியப் போதனை ஆகியவையே அவை. நடுவிலுள்ள மூன்றும் சுகாதாரத் துறையை நம்பியவை. ஆனால் ஆறுக்கும் கணக்கு எழுதுகிறவர் அங்கன்வாடி டீச்சர் ஒருவரே!

இதிலுள்ள சங்கடம் பிற்பாடு நன்றாகத் தெரிந்தது. 2019-ல் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் ஆரம்பமாயின. அங்கன்வாடி ஒரு துறையுடையது. பாடம் சொல்ல வந்த ஆசிரியர்களோ இன்னொரு துறையினர். 2022-ல் அந்த ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடானதும் பெற்றோர் கலங்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பவே, வகுப்புகள் தொடரும் என்று அவ்வாண்டு ஜூனில் அரசு அறிவித்தது. நல்லவேளை! ஆயினும், இடையில் தவித்தவர்கள் யார்? குழந்தைகளைச் சேர்க்கக் காத்திருந்த தாய்மார்கள்தான்.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நியூஸிலாந்து 1986-லும், ஸ்வீடன் 1996-லும் சிறு குழந்தைகளின் காப்பகங்களைச் சமூக நலத்திலிருந்து கல்வி இலாகாவுக்கு மாற்றிவிட்டன. பராமரிப்பும் படிப்பும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

நம் ஊரில் அப்படி ஒரே இலாகா வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. ஊசி போட நர்ஸ் வேண்டும். சோறாக்க ஆயா வேண்டும். பாட்டுச் சொல்லித்தர டீச்சர் வேண்டும். அவர்களுக்குச் சம்பளமும் நேரத்துக்கு வரவேண்டும். ஆனால் பிள்ளையின் எடை குறைந்தாலும், டீச்சர் இல்லாவிட்டாலும், கூரை ஒழுகினாலும் தாய் போய்த் தட்டுவதற்கு ஒரே கதவு இருக்கும். "அது எங்கள் துறை அல்ல, அம்மா" என்று கதவைச் சாத்த அங்கே ஒருவராலும் முடியாது.

பிள்ளைக்குப் பிராயம் ஐந்து ஆகும்வரை ஃபைல் காத்திருக்கலாம். பிள்ளை காத்திராது!