காப்புறுதி முகவரின் கொமிஷன் எங்கே தடைப்படுகிறது?

சுகாதாரக் காப்புறுதி எடுக்கும்போது பிரீமியம் எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், பிரசவச் செலவு கிடைக்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். அதை நமக்கு விற்ற முகவருக்குக் கம்பனி ஒழுங்காகக் கொமிஷன் கொடுக்கிறதா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அது அவருக்கும் கம்பனிக்கும் உள்ள கணக்கு என்று விட்டுவிடுகிறோம்.

வடமராட்சியில், உடுப்பிட்டி, நெல்லியடி பக்கத்துக் கடைகளுக்கு நான் துணி கொடுத்து வருகிறேன். உடுப்பிட்டியில் சில கடைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி செய்து கொடுத்த இளைஞர் ஒருவர், “நானா, மூண்டு மாசமாக் கொமிஷன் ஒழுங்கா வரேல்லை. கேட்டால் கணக்குப் பார்க்கினம் எண்டு சொல்லுகினம்” என்றார். அவருடைய கம்பனி எதுவென்று எழுத வேண்டிய தேவை இல்லை. பல கம்பனிகளின் முகவர்களிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆகவே காசு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முகவர் கம்பனியின் ஊழியர் அல்லர். பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளமோ ஊழியர் சேமலாப நிதியோ கிடையாது. நாம் கட்டும் பிரீமியத்தில் ஒரு வீதம்தான் அவருடைய வருமானம். அந்த வீதமும் பொலிசி எழுதிய அன்று கிடைப்பதில்லை. பிரீமியம் கம்பனியின் வங்கிக் கணக்குக்குப் போய், உரிய பொலிசி இலக்கத்தில் வரவு வைக்கப்பட்ட பின்னரே கொமிஷன் கணக்கு ஆரம்பமாகும்.

முதலாவது தடங்கல் இங்கேதான். நம் நாட்டில் பொதுக் காப்புறுதிக் கம்பனிகள் பிரீமியம் செலுத்த 60 நாள் வரை அவகாசம் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. உதாரணத்துக்கு, எட்டு ஊழியர்கள் உள்ள ஒரு கடைக்காரர் 1,60,000 ரூபாவுக்குக் குழுச் சுகாதாரக் காப்புறுதி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொமிஷன் 10 வீதம் என்றால் முகவருக்கு 16,000 ரூபா. கடைக்காரர் 60 நாளையும் கடனாக ஓட்டி, கடைசி நாளில் காசோலை எழுதுகிறார். காசோலை மாற, கம்பனி மாத முடிவில் கணக்கு முடிக்க, மூன்று மாதம் போய்விடும். அதற்குள் அந்த முகவர் எத்தனை தடவை சொந்தப் பெற்றோலில் கடைக்கு வந்து போயிருப்பார்! கம்பனி காசைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில், அது நம்முடைய லாச்சியிலேயே கிடக்கிறது.

இரண்டாவது தடங்கல் யாழ்ப்பாணத்துக்கு மிகவும் பழக்கமானது. தாய் தகப்பன் ஊரில், பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ. பிரீமியத்தை அங்கிருந்தே வங்கியில் போட்டுவிடுகிறார்கள். பொலிசி இலக்கம் குறிப்பிடுவதில்லை, அல்லது பழைய இலக்கத்தைப் போடுகிறார்கள். அப்படி வரும் பணம் யாருடையது என்று தெரியும் வரை கம்பனியில் தனியொரு கணக்கில் கிடக்கும். பொலிசி காலாவதியாகும் நிலைக்கு வந்துவிடும், முகவருக்கும் கொமிஷன் இல்லை. வங்கிப் பற்றுச்சீட்டின் படம் ஒன்றை முகவருக்கு அனுப்பிவிட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் காரியம் இது.

கொடுத்த கொமிஷனைத் திரும்பப் பிடிப்பதும் உண்டு. ஆயுள் பொலிசியோடு ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்து விற்பது இங்கு அதிகம். அத்தகைய பொலிசியில் முதலாம் வருடக் கொமிஷன் பெரியது. இடையில் வாடிக்கையாளர் கட்டாமல் விட்டால், ஒப்பந்தத்தைப் பொறுத்து, ஏற்கெனவே கொடுத்ததை அடுத்த மாதக் கொமிஷனில் கழித்துவிடுவார்கள். 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது, அரிசியா பிரீமியமா என்ற கேள்வி பல வீடுகளில் வந்தது. அரிசியைத் தெரிவு செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இவையெல்லாம் ஊர் மட்டத்துச் சிக்கல்கள். கம்பனியே வீதத்தை மாற்றும்போது என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய பாடம் இந்தியாவில் கிடைத்தது. அங்கு தனிநபர் ஆயுள், சுகாதாரக் காப்புறுதிகளுக்கு 18 வீதப் பொருட்கள் சேவைகள் வரி இருந்தது. 2025 செப்ரெம்பர் 22 முதல் அதை முழுவதும் நீக்கினார்கள். 20,000 ரூபா பொலிசிக்கு 23,600 கட்டியவர், 20,000 மட்டும் கட்டினால் போதும் என்றானது. மக்களுக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். முகவரின் கொமிஷனுக்கும் 18 வீத வரி உண்டு. அதை முகவருக்குப் பதிலாகக் கம்பனியே அரசுக்குக் கட்டும். 15 வீதக் கொமிஷன் என்றால் 20,000 ரூபாவுக்கு 3,000. அதன் வரி 540. வாடிக்கையாளரிடம் வரி வசூலித்த காலத்தில் இந்த 540ஐக் கம்பனி அதில் கழித்துக்கொண்டது. இப்போது வாடிக்கையாளரிடம் வரி இல்லை, ஆகவே கழிக்கவும் வழியில்லை, 540 கைச்செலவாகிவிட்டது. உடனே பல கம்பனிகள், “கொமிஷன் 3,000 என்பது வரியும் உட்பட்ட தொகை” என்று அறிவித்தன. 3,000ஐ 1.18ஆல் வகுத்தால் 2,542. மிச்சம் 458 ரூபா முகவரின் பையிலிருந்து போனது, அதாவது அவருடைய கொமிஷனில் 15 வீதத்துக்குச் சற்று மேல். அவர் அதே பொலிசியைத்தான் விற்றார், அதே வேலையைத்தான் செய்தார். ஒப்பந்தத்தில் வரி உட்படவா, புறம்பா என்ற ஒரு சொல்லைக் கம்பனி தனக்குச் சாதகமாக வாசித்துக்கொண்டது. முகவர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சுமை கீழே இறங்கும்போது கடைசிப் படியில் நிற்பவரின் தலையில் விழுகிறது என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியாத விடயம் அல்ல.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விசித்திரம். 2015 இன் இறுதியிலும் 2016 இலும் யுனைட்டட் ஹெல்த்கெயார் போன்ற பெரிய கம்பனிகள், அரசாங்கச் சந்தை மூலம் விற்கும் சில திட்டங்களுக்குக் கொமிஷனைக் குறைத்தன அல்லது நிறுத்தின. அந்தத் திட்டங்களில் சேருபவர்களில் நோயாளிகள் அதிகம், நட்டம் அதிகம். வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்லச் சட்டம் இடம் தராது. ஆகவே அவரைக் கூட்டி வரும் முகவருக்குக் காசு கொடுக்காமல் விட்டார்கள்.

நம் நாட்டில் முகவர்களின் பதிவும் கம்பனிகளின் கண்காணிப்பும் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. முன்பு காப்புறுதிச் சபை என்றிருந்தது, 2017 இல் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஆனது. அதன் முதல் அக்கறை பொலிசி வைத்திருப்பவர் மீது. காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருப்பதும் நம் போன்ற பொலிசிக்காரரின் முறைப்பாட்டுக்கே. கொமிஷன் வராத முகவருக்கு எஞ்சியிருப்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். அநேகர் அதை வாசிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். விலகிய பின் புதுப்பித்தல் கொமிஷன் தொடருமா, மரணித்தால் குடும்பத்துக்குப் போகுமா, இலக்கை எட்டாவிட்டால் வீதம் குறையுமா என்பதெல்லாம் அந்தக் கடதாசியில்தான் இருக்கிறது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். இலவச வைத்தியம் மந்திகை ஆஸ்பத்திரியிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் கிடைக்கிறது. அது போதாமல் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாளில்தான் பொலிசியைத் தேடுவோம். படிவம் நிரப்பி, பில்லுகளை ஒழுங்குபடுத்தி, கம்பனியோடு பேசுபவர் அந்த முகவர். கொமிஷன் வராமல் அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் பொலிசி செல்லுபடியாகவே இருக்கும், ஆனால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. நம்மில் சிலர் பொலிசி எடுக்கும்போதே “உன் கொமிஷனில் பாதியைத் தா தம்பி” என்று கேட்பதும் உண்டு. இந்தியாவில் 1938 ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு இந்தக் கழிவைத் தடை செய்திருக்கிறது.

உடுப்பிட்டி இளைஞரிடம், மாதாந்தக் கொமிஷன் கூற்றை எழுத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பொலிசி இலக்கத்துக்கும் எதிரே பணம் வரவான திகதியைக் குறித்து வைக்கச் சொன்னேன். எது வாடிக்கையாளரிடம் நிற்கிறது, எது கம்பனியிடம் நிற்கிறது என்று அப்போதுதான் பிரியும். கம்பனியிடம் நிற்பதை மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேட்க வேண்டும், தொலைபேசியில் கேட்டதற்கு அத்தாட்சி இல்லை. தொகை சிறியதென்றால் முதலில் மத்தியஸ்த சபை, அங்கு இணக்கம் வராவிட்டால் நீதிமன்றம். நமது காலாவதிச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு 6 வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம். விற்பனைப் பிரதிநிதிகளுக்கு வாய்ப்பேச்சிலேயே கொமிஷன் பேசி வைத்திருக்கும் நம் கடைகளுக்கும் இதே கணக்குத்தான்.