கல்லாவின் நாட்குறிப்பு – 9: ஏலச்செடி சொல்லும் தேதி

தொகையைவிட அது வரும் தேதி முக்கியம் என்று சென்ற பகுதியில் சொல்லி, 13 வாரங்களுக்கு வரவு செலவுக் கட்டம் போட்டு வைத்தோம். அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும். கடனுக்கு விற்பதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஏலச்செடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடியின் தூரில் குனிந்துதான் அவர்களுக்கு வேலை. தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டி ஓடும் சரங்களில்தான் ஏலம் பூக்கிறது, காய்க்கிறது. ஒரே சரத்தில் அடியில் முற்றிய காய், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ! பூ காயாகி முற்ற மூன்று, நான்கு மாதம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிக்க முடியாது. ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை, முப்பது நாற்பது நாளுக்கு ஓர் எடுப்பு. முற்றியதைப் பறித்து, இளசை அடுத்த எடுப்புக்கு விட்டுவர வேண்டும். பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) உலர்ந்தால்தான் விற்கிற காய் ஒரு கிலோ.

தோட்டக்காரரின் வரவுத் தேதிகளைச் செடியே குறித்துக் கொடுத்துவிடுகிறது. நெல் போட்டவருக்கு அறுவடையில் மொத்தப் பணம். ஏலம் போட்டவருக்குத் தவணைப் பணம். கோடையில் வரவுக் கட்டம் காலி. ஆனால் தண்ணீர், மருந்து, நிழல்மரக் கிளை கழிப்பு, கூலி எதுவும் நிற்காது. செடியே தேதி குறிப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை. உங்கள் தொழிலுக்கும் இப்படி ஓர் எடுப்புக் காலம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் கட்டத்தில் எண்ணை எழுதாதீர்கள்.

மலையிறங்கி வந்து போடியில் புதிதாகக் கடை போடுகிறவருக்கு வருவோம். உதாரணத்துக்கு, கையில் நாலரை லட்சம். ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலத்தில் கிலோ 2,000 ரூபாய்க்கு 200 கிலோ எடுக்கிறார். 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4.20 லட்சம். மிச்சம் 30,000. சலித்து ரகம் பிரிக்கும் கூலி, குடோன் வாடகை, வண்டி என்று வாரம் 8,000. அந்த வாரமே வடநாட்டு வியாபாரிக்குக் கிலோ 2,300-க்கு, ஆறு வாரக் கடனில் விற்கிறார். வித்தியாசம் 60,000. ஆறு வாரச் செலவு 48,000 போக லாபம் 12,000. ஆனால் மூன்று வாரம் முடிந்ததும் கல்லாவில் இருப்பது 6,000. நான்காவது சனிக்கிழமைக் கூலிக்கே துண்டு விழுகிறது. விற்ற பணம் கைக்கு வராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியில், வாங்கும்போது கட்டிய வரி போக மீதி 3,000 ரூபாயை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும்.

விலையும் நிலையில்லை. 2018 கேரள வெள்ளமும் அடுத்த கோடையின் வறட்சியும் தோட்டங்களை அடித்ததில், 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடியில் நடந்த இ-ஏலத்தில் கிலோ அதிகபட்சம் 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி ஆயிரத்துக்குக் கீழே இறங்கிய ஏலங்கள் உண்டு. ஆகவே ஒரு சீசன் விலையை வைத்து அடுத்த சீசனுக்குக் கட்டம் நிரப்பக் கூடாது. நல்ல விலை, நடு விலை, மோசமான விலை என்று மூன்று தாள் போடுங்கள். மோசமான தாளை நம்பிக் கடன் வாங்குங்கள்.

கடன் விற்பனை அடுத்த வாரத்துக்குப் போகிறது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு, உத்யம் என்னும் சிறு தொழில் பதிவு இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அதற்குள் உங்கள் தாளில் ஒவ்வொரு வரவையும் இரண்டு வாரம் தள்ளி எழுதிப் பாருங்கள். எந்த வாரம் பற்றாக்குறை வருகிறதோ, அதற்கான பணத்தை இப்போதே தேடத் தொடங்குங்கள்.

(தொடரும்)