வாங்கும்போதே வயதான லேப்டாப்

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 வெளிவந்தது 2019 ஏப்ரலில். 4 ஜிபி வி-ரேம் (கிராபிக்ஸுக்கான தனி நினைவகம்) கொண்ட அந்தக் கிராபிக்ஸ் சிப்போடு வந்த லேப்டாப்கள் நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வேலரன்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை அவை இப்போதும் தாராளமாக ஓட்டும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ கேமை அவற்றில் விளையாடவே வழியில்லை. ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் சிப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் அது தளராது. 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ கேமுக்கும் அதே நிபந்தனைதான். இரண்டுமே குறைந்தபட்சமாகக் கேட்பது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 8 ஜிபி வி-ரேம்.

இந்த 8 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்களைப் பாருங்கள். மேல் மூடியில் ‘கேமிங்’, விசைப்பலகை ஓரத்தில் பச்சை ‘ஆர்டிஎக்ஸ்’ ஸ்டிக்கர், உள்ளே ஆர்டிஎக்ஸ் 2050 அல்லது 3050, அதில் 4 ஜிபி. 3050 லேப்டாப் சிப் 2021 மே மாதத்தது. 2050 அதே ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. “அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல சார்” என்று கடையில் சொல்பவர் பில் தேதியிலிருந்து எண்ணுகிறார். சிப்பின் வயதோ அது வெளிவந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

“எங்க அண்ணன் லேப்டாப் ஆறு வருஷம் ஓடுச்சே” என்பார்கள். உண்மையாகவே ஓடியிருக்கும். அதற்குக் காரணம் லேப்டாப்பின் உறுதியைவிட பிளேஸ்டேஷன் 4தான். பெரிய ஸ்டூடியோக்கள் கன்சோலை மனத்தில் வைத்தே கேம்களைக் கட்டுகின்றன. 2013இல் வந்த பிஎஸ்4இன் மொத்த நினைவகமே 8 ஜிபி. அதையும் சிபியுவும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து கேம்களுக்கு 4 ஜிபி வி-ரேம் தாங்கியது. 2020 நவம்பரில் 16 ஜிபியோடு பிஎஸ்5 வந்த பிறகும் இரண்டு, மூன்று ஆண்டுகள் இரண்டு கன்சோல்களுக்கும் சேர்த்தே பல கேம்கள் வெளிவந்தன. அந்த இடைக்காலத்தைத்தான் அண்ணன் அனுபவித்தார். 2023 வாக்கில் அது முடியத் தொடங்கியது. அவர் அனுபவத்தை நம்பி அதே வகை லேப்டாப்பை இன்று வாங்கும் தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை.

வி-ரேம் நிரம்பினால் என்ன ஆகும்? ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 256 ஜிபி வரை எடுக்கும். இடம் போதாமல் லேப்டாப்பின் பொது ரேமுக்குப் போனால், இடையிலுள்ள பாதையில் வருவது விநாடிக்குச் சுமார் 16 ஜிபிதான். திரையில் இது தெரியும் விதம் விசித்திரமானது. சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) 50 என்று காட்டும். பாத்திரம் தெருமுனையில் திரும்பும்போது மட்டும் படம் அரை நொடி உறையும். சுவரிலுள்ள செங்கல் வரி குழைந்த களிமண்ணாகத் தெரிந்து, பிறகு மெல்லத் தெளியும். 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுக்காரர்களே இதில் மாட்டினார்கள். பல பேட்ச்களுக்குப் பிறகே நிலைமை சீரானது. ‘எஃப்பிஎஸ்ஸைக் கூட்டித்தர என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கிறதே’ என்ற சமாதானமும் இங்கே அரைகுறைதான். அதிலுள்ள ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதி தன் பங்குக்குக் கூடுதல் வி-ரேம் கேட்கும்.

பெயரை நம்புவதிலும் சிக்கல் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம் என்று என்விடியாவே வரம்பு கொடுத்திருக்கிறது. மெல்லிய உடம்புக்காக வாட் குறைக்கப்பட்ட 4060, முழு வாட்டில் ஓடும் 4050இடம் தோற்பது உண்டு. விலைப்பட்டியலில் இது தெரியாது.

வெப்பம் தனிக் கதை. அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும். குளிர்ந்த அறையில் 78 டிகிரியில் ஓடுவது சென்னை மே மாதத்தில் 90ஐ நெருங்கி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கி ஓரிரு ஆண்டு கழிந்து பின்மூடியைத் திறந்தால் விசிறி சுத்தமாகவே தெரியும். விசிறியைக் கழற்றினால்தான், காற்று வெளியேறும் உலோகத் தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்ததுபோல் தூசி அடைத்திருப்பது தெரியும். அதை எடுத்து தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் இழந்த வேகம் பெரும்பாலும் திரும்பும். கிராபிக்ஸ் சிப் அப்படியில்லை, மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. மாற்ற முடிவது ரேமும் எஸ்எஸ்டியும்தான். ‘ரேம் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற கணக்கையும் 2025 இறுதியில் எகிறிய ரேம் விலை கெடுத்துவிட்டது.

மென்பொருள் பக்கமும் கதவுகள் மூடுகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கேற்ற டிரைவர் தருவதை என்விடியாவும் அதே மாதத்தோடு நிறுத்தியது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே.

என் கணிப்பு இது: புதிய பெரிய கேம்களுக்கு 4 ஜிபி இன்றே காலாவதி. 6 ஜிபிக்கு இரண்டு ஆண்டு, அதுவும் செட்டிங்ஸைக் குறைத்துக்கொண்டே. 8 ஜிபியோடு முழு வாட்டில் ஓடும் சிப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு. அடுத்த தலைமுறை கன்சோல் வந்து இடைக்காலமும் முடிந்தால் 1650இன் கதி அதற்கும் வரும். வேலரன்டும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் மட்டும் ஆடுபவருக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. கேமிங் ஓய்ந்த பிறகும் கோடிங்குக்கும் அலுவலக வேலைக்கும் அதே லேப்டாப் பல ஆண்டு உழைக்கும்.

கடையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வி-ரேம் எத்தனை, கிராபிக்ஸ் எத்தனை வாட். இரண்டாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் வராது. முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலுள்ள விவரப் பட்டியலில் ‘டிஜிபி’ (கிராபிக்ஸின் வாட் அளவு) என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத மாடலுக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.