சரணாலயத்தில் மாடு மேய்ச்சலும் தொண்டர் மேற்பார்வையும்

புதுவை நகருக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊசுடு ஏரி 2008-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் மாடு மேய்வது எப்பொழுதும் கெடுதியே எனப் பலர் எண்ணுகின்றனர். ராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1982-ல் மேய்ச்சல் அறவே தடுக்கப்பட்டது. பின்னர்ப் புல் மிகுந்து நீர்ப்பரப்பை அடைத்தமையால் நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. ஆயினும் மேய்ச்சல் மிஞ்சினால், தரையில் முட்டையிடும் ஆள்காட்டி முதலிய பறவைகளின் முட்டைகள் மிதியுண்டு அழியும். ஆகவே, மேய்ச்சல் உள்ளவிடத்து மேற்பார்வை அவசியம்.

இங்கிலாந்தில் சரணாலயங்களில் மேயும் மாடுகளை ஊர்த் தொண்டர்கள் முறை வைத்துத் தினந்தோறும் பார்வையிடுகின்றனர். வனத்துறையார் மேய்ச்சலுக்கு அனுமதித்த இடங்களில் நம் கிராம வாலிபரும் இவ்வாறு செய்யலாம். முதலில் மாடுகளை எண்ண வேண்டும். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்றல், அசை போடாமை, நொண்டுதல், வாயில் நுரை வடிதல் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும். நொண்டுதலும் நுரையும் கோமாரியின் குறிகளாகலாம். உடனே மாட்டுக்காரருக்கும் கால்நடை வைத்தியருக்கும் தெரிவிக்க வேண்டும். தொண்டர் தாமே மருந்திடலாகாது. திடீரென இறந்த மாட்டை அறுக்கவே கூடாது; அடைப்பான் நோயாயின் அது மனிதரையும் பற்றும்.

கோமாரி காட்டு மான்களுக்கும் பரவக்கூடியது. இத்தகைய தொற்று கருதியே, 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, தடுப்பூசி போடாத கால்நடைகளைச் சரணாலயத்தில் மேய்க்கலாகாது. குடியானவர்கள் ஆறு மாதத்துக்கொருமுறை கோமாரித் தடுப்பூசி போடுவித்து, அத்தேதியைத் தொண்டரின் குறிப்புப் புத்தகத்திலும் பதிவித்துக்கொள்வார்களாயின் மிக்க அனுகூலமாகும்.